கண்ணுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

ஐசிஎம்ஆர் 2023-ல் வெளியிட்ட நீரிழிவுக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு 14.4 சதவீதம், கேரளத்துக்கு 25.5 சதவீதம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பது களியக்காவிளைச் சாலையோரத்தில் நிற்கும் ஓர் எல்லைப் பலகை. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டம் அந்தப் பக்கத்துக் கணக்கு, அன்றிலிருந்து இந்தப் பக்கத்துக் கணக்கு. அடுப்பங்கரை மட்டும் மாநிலம் மாறவில்லை. புழுங்கலரிசிச் சோறு, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், சாயங்காலம் டீக்கடையில் பொரித்த ஏத்தம்பழம், கல்யாண வீட்டில் போளியை முக்கிச் சாப்பிட இரண்டு கூட்டம் பாயசம். இந்தச் சாப்பாட்டைக் குறை சொல்ல வரவில்லை. நானும் அதைத்தான் சாப்பிடுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். அதில் இருபது வயதைத் தாண்டியவர்கள் சுமார் 13 லட்சம் என்று வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டுச் சராசரியையே போட்டாலும் சுகர் உள்ளவர்கள் ஏறக்குறைய 1.9 லட்சம் வருகிறார்கள். முரட்டுக் கணக்குதான். ஆனால் எங்கள் ஊரில் இதை யாரிடம் சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பஸ் ஸ்டாப்பில், கோயில் நடையில், சர்ச் முற்றத்தில், ‘உங்களுக்கு எவ்வளவு இருக்கு?’ என்று கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. வெறும்வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு, எல்லாம் பொடிநடையாகப் போகிற பெரியவருக்கும் மனப்பாடம்.

அந்த எண்கள் ரத்தத்தில் ஓடும் சர்க்கரையைச் சொல்கின்றன. அது பத்து வருடமாக உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. 7.2 என்று ஒரே சராசரி வைத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருடைய கண் சுத்தமாக இருக்கும், இன்னொருவருடையது கசிந்துகொண்டிருக்கும். அதை அறிய உள்ளே பார்க்க வேண்டும். எந்த உறுப்பை எந்தக் கருவியால் பார்ப்பது, எதைப் படம் எடுப்பதில் பிரயோஜனமே இல்லை என்பது பலருக்கும் தெளிவாக இல்லை. ஸ்கேன் என்றால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது கண்ணில் பலித்திருக்கிறது. சிறுநீரகத்தில் ஏமாற்றுகிறது.

கண்ணிலிருந்தே தொடங்கலாம். உடம்பைக் கீறாமல், உயிரோடு இயங்கும் நரம்புத் திசுவையும் அதற்குச் சோறு போடும் ரத்தக்குழாயையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. கருமணி அதற்குள் திறந்திருக்கும் ஜன்னல். 1851-ல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்த ஜன்னல் வழியாக வெளிச்சத்தை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்க்க ஒரு கருவி செய்தார். அடுத்த சில வருடங்களிலேயே, சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் தெரியும் மாற்றங்களை யேகர் என்ற வியன்னா மருத்துவர் வரைந்து காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் நெடுநாள் அந்த மாற்றங்கள் சர்க்கரையால் வந்தவைதானா என்ற சண்டை நடந்தது. இன்சுலின் வருவதற்கு முன்னால் பல நோயாளிகள் கண் கெடும் அளவுக்கு உயிரோடே இருக்கவில்லை. 1920-களில் இன்சுலின் வந்து ஆயுளைக் கொடுத்தது. ஆயுள் நீண்ட பிறகுதான் கண் ஒரு பெரிய விவகாரமானது. விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவை ஜைஸ் நிறுவனம் 1926-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

விழித்திரையின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவு. அதன் நுண்குழாய்களைச் சுற்றி பெரிசைட் என்ற செல்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உடம்பில் வேறெந்த இடத்திலும் இவை இவ்வளவு நெருக்கமாக இருப்பதில்லை. சர்க்கரை நெடுநாள் கூடுதலாகவே ஓடினால் முதலில் சாவது இவைதான். பிடிமானம் போன இடத்தில் குழாயின் சுவர், நைந்துபோன சைக்கிள் டியூப் காற்றடிக்கும்போது ஓரிடத்தில் மட்டும் புடைத்துக்கொள்வதுபோல, ஒரு குமிழாகப் புடைக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறியது. படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. நீரிழிவு கண்ணில் கைவைத்துவிட்டது என்பதற்குக் கேமராவில் அகப்படும் முதல் சாட்சி இதுதான்.

அடுத்தடுத்து வருகிறவை இன்னும் கொஞ்சம் பெரிய அடையாளங்கள். குமிழ் கசிந்தால் ரத்தத்திலுள்ள கொழுப்பு வெளியே படிந்து மஞ்சள் துணுக்குகளாகத் தெரியும். குழாய் உடைந்தால் சிவப்புத் திட்டு. சில நுண்குழாய்கள் அடைத்துக்கொண்டு அந்தப் பகுதிக்கு ரத்தமே போகாவிட்டால், பட்டினி கிடக்கும் விழித்திரை விஇஜிஎஃப் என்ற ஒரு புரதத்தை வெளியிட்டு ‘புதுக்குழாய் அனுப்பு’ என்று கேட்கும். புதுக்குழாய் வரும். ஆனால் அது அவசரத்தில் முளைத்த, தரம் கெட்ட குழாய். தும்மினால்கூட உடையலாம். உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் பரவி, நேற்று ராத்திரிவரை நன்றாகப் பார்த்தவர் காலையில் திரை போட்டதுபோல இருக்கிறது என்று ஓடிவருவார்.

நேற்று ராத்திரிவரை நன்றாகப் பார்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். விழித்திரைக்கு வலி தெரியாது. நடுவில் இருக்கும் மேக்குலா என்ற சிறு பகுதி தப்பித்திருக்கும்வரை, சுற்றிலும் எவ்வளவு நாசமானாலும் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிடலாம். அதனால்தான் பார்வை மங்கிய பிறகு கண் டாக்டரிடம் போவது என்பது இந்த நோயில் காலங்கடந்த வேலை.

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பரிசோதனை முகாமில் நின்று பார்த்த காட்சி இது. ஒரு மண்டபத்தின் மூலையில் கறுப்புத் துணி கட்டி மறைத்து, உள்ளே மேஜைமேல் கேமரா. கதர்ச் சட்டை போட்ட ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். ‘எனக்க கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல மோளே. ரெண்டு வருசமா கண்ணாடி இல்லாமத்தான் பேப்பர் வாசிக்கேன். மின்னயெல்லாம் கண்ணாடி வேணும், இப்போ வேண்டாம்.’ கருவியை இயக்கிய பெண் சிரித்துக்கொண்டே, ‘அது நல்லதுதான் தாத்தா. இதுல தாடைய வைங்க, நெத்திய முட்டுங்க. அந்தப் பச்சை வெளிச்சத்தையே பாருங்க, இமைக்கப்படாது’ என்றாள். ஒரு மின்னல் வெட்டு. திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் வந்து விழுந்தது. மூக்குப் பக்கமாக மஞ்சள் வட்டு, அதுதான் பார்வை நரம்பு வந்து நுழையும் வாசல். அதிலிருந்து குழாய்கள் மேலும் கீழுமாக வளைந்து போகின்றன. நடுவில் கொஞ்சம் கருத்த இடம், மேக்குலா. அதற்கு மேல்புறமாகப் பேனா முனையால் தொட்டு வைத்ததுபோல மூன்று நான்கு சிவப்புப் புள்ளிகள். பெரியவருக்கு அதைக் காட்டியபோது, கொசுக்கடியா என்று கேட்டார்.

இடது கண்ணின் படம் விழவில்லை. திரை முழுக்க மூடுபனி. மூன்று முறை எடுத்தும் அப்படியே. கண்புரை. வயதானவர்களுக்குத் திடீரென்று கண்ணாடியில்லாமல் வாசிக்க வருவதே பல சமயம் புரையின் வேலைதான். லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகிக் கிட்டப்பார்வையை உண்டாக்கிவிடுகிறது. கிட்டத்தில் இருக்கும் பேப்பர் தெளிகிறது, தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகை மங்குகிறது. சுகர் உள்ளவர்களுக்குப் புரையும் சீக்கிரமே வரும். ஆகவே படம் விழவில்லை என்பதும் ஒரு முடிவுதான். அப்படிப்பட்டவரை ‘சரி, போய்ட்டு வாங்க’ என்று அனுப்பாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது எல்லா நல்ல பரிசோதனைத் திட்டங்களிலும் எழுதி வைத்திருக்கும் விதி.

சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தால் கண்ணுக்கு எந்த மருந்தும் இல்லை. ‘அப்புறம் எதுக்குப் பார்த்துச் சொல்றீங்க?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களை வைத்து நடந்து, 1993-ல் முடிவு வெளியான டிசிசிடி ஆய்வில், சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகை நோயாளிகளிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வில் ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியதே விழித்திரைப் பாதிப்பு வளர்வதை மூன்றில் ஒரு பங்கு தடுத்தது. புள்ளி தெரியும் கட்டத்தில் மருந்து கண்ணுக்கல்ல, உடம்புக்கு. அந்தப் புள்ளிகளைத் திரையில் கண்ணால் பார்த்த பிறகு மாத்திரையைத் தவறவிடாதவர்களும் இருக்கிறார்கள். எண்ணுக்குப் பயப்படாதவர்கள் படத்துக்குப் பயப்படுகிறார்கள். இது ஆய்வு முடிவல்ல, என் அனுமானம்.

சாதாரணக் கேமரா விழித்திரையைத் தட்டையாகத்தான் காட்டும். மேக்குலாவில் நீர் கோத்து அது ஒரு நூலளவு தடித்திருக்கிறதா என்பது தட்டைப் படத்தில் நிச்சயமாகத் தெரியாது. அதற்கு வந்தது ஓசிடி. 1991-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபியூஜிமோட்டோ, ஹுவாங் முதலியோர் இதை அறிவித்தார்கள். தத்துவம் அல்ட்ராசவுண்டுக்குப் பக்கத்தில் நிற்பது. அங்கே ஒலி, இங்கே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஒளி திரும்பி வரும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளக்க முடியாது, அவ்வளவு வேகம். அதனால் அனுப்பிய ஒளியில் பாதியை ஒரு கண்ணாடிக்கு அனுப்பி, இரண்டும் திரும்பி வந்து கலக்கும்போது எழும் அலைக்கோலத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். விழித்திரை அடுக்கடுக்காக, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நுணுக்கத்தில், வெட்டிப் பார்த்ததுபோலத் தெரியும். நீர் கோத்த இடம் கறுப்புப் பையாகத் தெரியும். கண்ணில் ஊசி போட வேண்டுமா, போட்டது வேலை செய்கிறதா என்பதை இன்று நாகர்கோவில் கண் டாக்டரும் இதைப் பார்த்துத்தான் சொல்கிறார். கதிர்வீச்சு கிடையாது, சாயம் ஏற்ற வேண்டியதில்லை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மற்ற உறுப்புகளில் சிறுநீரகத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ‘ஸ்கேன் எடுத்தாச்சு, கிட்னி நார்மல்’ என்று ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். நீரிழிவில் இந்த நிம்மதிக்கு ஆதாரம் குறைவு. சர்க்கரை கூடிய ஆரம்ப காலத்தில் சிறுநீரகம் கூடுதலாக வடிகட்டிக்கொண்டு கொஞ்சம் பெருத்துக்கூட இருக்கும். மற்ற காரணங்களால் கெடும் சிறுநீரகம் பெரும்பாலும் சுருங்கிப்போகும், நீரிழிவால் கெட்டது நோய் முற்றிய பிறகும் இயல்பான அளவிலேயே தெரிவதுண்டு. அல்ட்ராசவுண்ட் அளவையும் கல்லையும் அடைப்பையும் காட்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. அவற்றின் கசிவு ஸ்கேனில் தெரியாது.

கசிவைக் காட்டுவது ஒரு சின்ன டப்பாவில் பிடிக்கும் சிறுநீர். அதில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்று விகிதம் பார்க்கிறார்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் இருந்து, சில வாரம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே இருந்தால் வடிகட்டி ஒழுக ஆரம்பித்துவிட்டது. இதோடு ரத்த கிரியாட்டினினையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மாஸ்டர் செக்கப் பட்டியலில் ஸ்கேனுக்குக் கொடுக்கும் இடத்தை இந்த டப்பாவுக்குக் கொடுப்பதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல். படம் என்றால் காசு கொடுத்ததற்கு ஒரு பெரிய கவர் கையில் கிடைக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஒரு வரிதான் வருகிறது.

கண்ணும் சிறுநீரகமும் நோயில் கூட்டாளிகள் என்பதால், விழித்திரைப் படம் சிறுநீரகத்துக்கும் மறைமுகமாகப் பயன்படுகிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஒருவருக்குச் சிறுநீரில் புரதம் நிறையப் போகிறது, ஆனால் விழித்திரை முற்றிலும் சுத்தமாக இருக்கிறது என்றால், இது சர்க்கரையால் வந்ததுதானா, வேறு நோயா என்று சிறுநீரக மருத்துவர் யோசிப்பார். கண் டாக்டரின் சீட்டை அவர் கேட்பது அதனால்தான்.

கல்லீரலில் கொழுப்பு படிவது சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே தெரியும், ஆனால் படிந்த கொழுப்பு கணிசமாகக் கூடிய பிறகுதான். கொழுப்பு இருப்பதைவிட, கல்லீரல் தழும்பேறி இறுகுகிறதா என்பதே முக்கியம். ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி விலா எலும்புகளுக்கு நடுவில் தோலின்மேல் ஒரு மெல்லிய தட்டு தட்டுகிறது. அந்த அதிர்வலை கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கிறது. இறுகிய கல்லீரலில் அலை வேகமாக ஓடும். குடிக்காதவருக்கும் கல்லீரல் கெடுமா என்று கேட்பவர்களுக்கு, சுகரும் தொப்பையும் சேர்ந்தால் கெடும் என்பதே பதில்.

இதயத்தைப் பொறுத்தவரை நீரிழிவின் குசும்பு வேறு மாதிரி. நரம்பும் கெட்டிருப்பதால் சிலருக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வந்துபோகும். எக்கோ பரிசோதனையில், இதயம் சுருங்கும் பலம் குறைவதற்கு முன்னால், சுருங்கிய பிறகு தளர்ந்து விரிவதில் தாமதம் தெரியும். இதயத் தசையின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர்கிறது என்று கணினி தொடரும் புதிய எக்கோ முறை இன்னும் முன்னதாகவே தளர்ச்சியைக் காட்டுகிறது. இதயக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று சிடி ஸ்கேனில் எண்ணி மதிப்பெண் போடும் முறையை அகாட்ஸ்டன் குழுவினர் 1990-ல் கொண்டுவந்தார்கள். பூஜ்யம் வந்தால் நல்ல செய்தி. ஆனால் சுகர் உள்ளவர் எல்லாரும் வருடா வருடம் எடுக்க வேண்டிய பரிசோதனை அல்ல இது. மருந்தைக் கூட்டலாமா என்று டாக்டருக்குச் சந்தேகம் இருக்கும்போது உதவும். கால் நரம்புக்கோ பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் குத்திப் பார்த்தாலே போதும். அதற்குக் கரண்டு கூட வேண்டாம். கடற்கரை மணலிலும் ரப்பர் தோட்டத்திலும் செருப்பில்லாமல் நடக்கிற ஆட்கள் உள்ள மாவட்டத்தில் அந்த இழையைப் பார்த்தே இராத நோயாளிகள் எத்தனை பேர் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கும்.

ஆக, படமெடுத்துப் பார்ப்பது முழுசாகப் பலித்த உறுப்பு கண். அதற்கு வெளியூர்ச் சான்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2003 முதல் தேசிய அளவில் நீரிழிவு உள்ளவர்களை அழைத்து விழித்திரைப் படம் எடுத்தார்கள். கூப்பிட்டு, வராதவரை மறுபடி கூப்பிட்டு, படத்தைத் தரம்பிரித்து, சிகிச்சைக்கு அனுப்பினார்கள். 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதல் காரணமாக ஐம்பது வருடங்களாக இருந்த நீரிழிவு, அந்த இடத்தை இழந்துவிட்டது என்று காட்டியது. பரம்பரை விழித்திரை நோய்கள் முதலிடத்துக்கு வந்தன. இதற்குப் பரிசோதனைத் திட்டமும் சர்க்கரைக் கட்டுப்பாடும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவின் பத்து மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஸ்மார்ட் இந்தியா ஆய்வு 2022-ல் வெளியானது. சென்னை சங்கர நேத்ராலயாவின் ராஜீவ் ராமன், லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையின் சோபா சிவபிரசாத் முதலியோர் செய்தது. நீரிழிவு உள்ளவர்களில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு, 4 சதவீதம் பேருக்குப் பார்வையைப் பறிக்கும் கட்டம். நமது 1.9 லட்சத்தில் இதைப் பொருத்தினால், இந்த மாவட்டத்தில் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும். பலர் இன்றைக்கும் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லாருக்கும் வருடத்துக்கு ஒரு படம் என்றால், 300 வேலை நாளில் நாளுக்கு 600 பேருக்கு மேல். இதைக் கண் டாக்டர்களே பார்ப்பது என்றால் புரை ஆபரேஷன் செய்ய ஆளிருக்காது.

இங்கேதான் இயந்திரம் நுழைகிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2016-ல், சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கிய ஒரு நிரலைப் பற்றி எழுதினார்கள். அந்தப் படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா போன்ற இந்திய மருத்துவமனைகளிலிருந்து போனவை. பிறகு இந்த இரண்டு மருத்துவமனைகளிலும் வந்த 3,049 நோயாளிகளிடம் அந்த நிரலைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். டாக்டரிடம் அனுப்ப வேண்டியவர்களில் அரவிந்தில் நூற்றுக்கு 89 பேரையும் சங்கர நேத்ராலயாவில் 92 பேரையும் அது சரியாகப் பிடித்தது. படம் பார்க்கப் பயிற்சி பெற்ற மனிதர்களுக்கு இணையான தேர்ச்சி. இதே வகை நிரல்கள் விழித்திரைப் படத்தைப் பார்த்து அது ஆணுடையதா பெண்ணுடையதா என்றுகூடப் பெரும்பாலும் சரியாகச் சொல்கின்றன. எந்தக் கண் டாக்டராலும் அது முடியாது. இயந்திரம் எதைப் பார்த்துச் சொல்கிறது என்பது அதைச் செய்தவர்களுக்கே முழுசாகப் பிடிபடவில்லை. கொஞ்சம் கிலியாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் தேறிய நிரலைத் தாய்லாந்தின் கிராமப்புறச் சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோனபோது, நர்சுகள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ‘தரம் போதாது’ என்று அது தள்ளிவிட்டது. அறையை இருட்டாக்க வழியில்லை, இணையம் மெதுவாக ஓடியது. நல்ல கண் உள்ளவரையும் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டிவந்தது. இதைப் பற்றி 2020-ல் வெளியான அறிக்கையை எழுதியவர்களும் கூகுள்காரர்களே, அதற்காகப் பாராட்டலாம். இங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கேமரா வாங்குகிறவர்கள் ஒரு கறுப்புத் திரைச்சீலைக்கும் சேர்த்துக் கணக்கெழுத வேண்டும்.

பக்கத்து மாவட்டத்திலேயே நடந்த முயற்சி ஒன்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் கேரள அரசு, பிரிட்டிஷ் ஆய்வு நிதியில் நடந்த ஆர்னேட் இந்தியா திட்டத்தோடு சேர்ந்து ‘நயனாமிர்தம்’ என்ற பெயரில் குடும்ப சுகாதார மையங்களில் விழித்திரைப் படம் எடுக்க ஏற்பாடு செய்தது. கொரோனாவுக்கு முன்பே தொடங்கியது. சுகர் மாத்திரை வாங்க வருகிற அதே நாளில், அதே இடத்தில், பயிற்சி பெற்ற நர்ஸ் கையடக்கக் கேமராவால் படம் எடுப்பார். திருவனந்தபுரம் அரசு கண் மருத்துவமனையில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத் தரம்பிரிப்பார்கள். பெரும்பாலோருக்குக் கருமணியை விரிக்கும் சொட்டு மருந்து தேவையில்லை.

அந்தச் சொட்டு மருந்து விவரம் சின்னதுதான், ஆனால் பாதிப் பேர் கண் பார்க்க வராததற்கு அதுவும் ஒரு காரணம். மருந்து விட்டால் நாலைந்து மணி நேரத்துக்குக் கண் கூசும், பக்கத்து எழுத்து தெரியாது, வண்டி ஓட்ட முடியாது. கூட ஓர் ஆள் வேண்டும். ஆள் வந்தால் இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. ரப்பர் பால் வெட்டும் தொழிலாளிக்கும் கடலுக்குப் போகிறவருக்கும், நன்றாகத் தெரிகிற கண்ணைக் காட்ட இந்தச் செலவு எதற்கு என்றுதான் தோன்றும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம், நடமாட முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் மாத்திரைக்காக ஆஸ்பத்திரிப் படியேறும் சந்தர்ப்பமும் அதோடு குறைகிறது. வாசலுக்கு வரும் அந்தப் பெண் ஊழியரின் பையில் ஒரு கையடக்கக் கேமராவும் இருந்தால், நயனாமிர்தம் செய்ததையும் தாண்டிப் போய்விடலாம். 2011 கணக்குப்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டில் முதலிடத்தில், 91.75 சதவீதத்தில், இருக்கும் மாவட்டம் இது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தடுக்கி விழுந்தால் ஓர் ஆஸ்பத்திரி. தூரம் இங்கே சாக்காகாது.

பார்வையைப் பறிக்கும் கட்டம் என்று படம் சொன்னால் செய்ய வேண்டியது இருக்கிறது. லேசர் சிகிச்சை கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்பதை 1976-லேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. மேக்குலாவில் நீர் கோத்தால் விஇஜிஎஃபை அடக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போடுகிறார்கள், முதல் வருடத்தில் பலமுறை. மூன்றாவது ஊசியோடு ‘இப்போ கொள்ளாம்’ என்று நின்றுவிடுகிறவர்கள்தான் டாக்டர்களின் தலைவலி. லேசருக்குப் பின்னால் ராத்திரிப் பார்வை கொஞ்சம் குறையலாம், ஊசிக்குச் செலவு உண்டு. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டால் பாதி வழியில் இறங்கிவிடுவார்கள்.

இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த அன்றே கண்ணைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நோய் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களிலேயே 5.1 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. முதல் வகைக்கு ஐந்து வருடத்துக்குப் பிறகு தொடங்கினால் போதும். ஏற்கெனவே சுகர் உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும், கர்ப்பகாலத்தில் இது வேகமெடுக்கும்.

இன்னொன்று. டாக்டர் கருவி வைத்துப் பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதுவதைவிடப் படத்துக்கு ஒரு கூடுதல் மதிப்பு, அது நாளைக்கும் இருக்கும் என்பதே. போன வருடம் நாலு புள்ளி, இந்த வருடம் பதினைந்து என்பது பழைய படம் கையில் இருந்தால்தான் தெரியும். ஆஸ்பத்திரி மாறினால் அந்தப் படம் பழைய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. கண்ணுக்கு இரண்டு வீதம் நாலு படம், தேதியோடு, அன்றைக்கே போனில் வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் கொடுப்பார்கள்.